பௌர்ணமிக்கு வைத்த தட்டு

அந்தக் கால்பந்துக் கழகத்தில் யாரையும் முகத்துக்கு நேரே "நீ வேண்டாம், போ" என்று சொல்லி அனுப்பிய சரித்திரம் கிடையாது. அப்படிச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். பந்து, வலை, விசில் என்று எல்லாவற்றையும் எப்படியோ தேற்றிக்கொண்ட கழகத்துக்கு அது ஒன்று மட்டும் வாய்க்கவே இல்லை. அதனால் அங்கே வேறு ஒரு வழக்கம் இருந்தது. கழற்றிவிட வேண்டிய ஆட்டக்காரரைச் செயலாளர் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். வந்தவர் வயிறாரச் சாப்பிடுவார். வானிலை, பல்வலி, பக்கத்து வீட்டு நாய் என்று உலகத்தில் உள்ள அத்தனையும் பேசுவார்கள். பந்தைப் பற்றி மட்டும் மூச்சுவிட மாட்டார்கள். கை கழுவியதும் அவர் தன் கழகச் சட்டையைக் கழற்றி மடித்து, உட்கார்ந்திருந்த நாற்காலியில் வைப்பார். வாசலில் நின்று "வரேன்" என்பார். அதற்குப் பிறகு வர மாட்டார்.

"அவனுக்குத் தட்டு வெச்சாச்சு" என்றால் போதும், மைதானத்தில் புல் வெட்டுகிறவருக்குக்கூட விஷயம் விளங்கிவிடும்.

இப்போதைய செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர். யாராவது அதட்டினால் தன் மேல்தான் தப்போ என்று உடனே யோசிக்கிற ரகம். அவர் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். யார், எப்போது, என்ன சொன்னார் என்பது அந்த அம்மாளுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கும். கல்யாணத்துக்கு மறுநாள் அவர் உளறியது உட்பட எல்லாமே பதிவில் இருந்தது. தட்டு வைக்கும் வழக்கத்தில் அவளுக்கு ஒரு தீராத மனக்குறை.

"என் கையால சாப்பிட்டுப் போனவன் ஒருத்தன்கூடத் திரும்பி வந்ததில்ல. வெளியில என் சமையலைப் பத்தி என்னதான் நினைப்பாங்க?" என்பாள்.

இப்படிக் குறையோடும் குழப்பத்தோடும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் கல் எறிந்தது அவளுடைய தம்பியின் கால். பையன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களில் நடுவில் மாட்டிக்கொண்டவர்களை மேலேயோ கீழேயோ கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரன். ரசிகர்கள் வைத்த பெயர் பௌர்ணமி.

பெயர் சும்மா வரவில்லை. ஒரு நாள் பிரகாசிப்பான். அன்றைக்கு எதிரணியின் பாதிப்பேரை வேலிபோலத் தாண்டி, கோல்காவலர் எந்தப் பக்கம் விழுவதென்று யோசிப்பதற்குள் பந்தை மறுபக்கம் அனுப்பிவிடுவான். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் தேன் ஊற்றுவதுபோல ஊற்றி ஊற்றிச் சொல்வார்கள். அப்புறம் தேய ஆரம்பிப்பான். நின்றுகொண்டிருக்கும் பந்து அவன் காலுக்கு நகர்ந்துபோன மாதிரி இருக்கும். வலைக்கு முன்னால் தனியாக நின்று பந்தைப் பக்கத்துத் தெருவுக்கு அடிப்பான். அந்தத் தெருவில் மொட்டைமாடியில் துணி உலர்த்துகிறவர்கள் அவன் பெயரைக் கேட்டாலே துணியை எடுத்துவிடுவார்கள்.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் செயலாளருக்கு ஒரே யோசனைதான் சொன்னார்கள். "உங்க மச்சானுக்கு நீங்களே ஒரு கண்ணாடி போட்டுவிடக் கூடாதா?" பொறுக்க முடியாமல் ஒருநாள் அவனை உட்காரவைத்துக் கண்ணைப் பரிசோதித்தும் பார்த்தார். அவன் கடைசி வரிசை எழுத்துகளைப் படித்து, அதற்குக் கீழே அச்சகத்தின் பெயரையும் படித்தான்.

"கண்ணுல கோளாறு இல்ல மாமா," என்றான். "கோல்கம்பம்தான் சில நாள் நகர்ந்துபோயிருது."

கழகக் கமிட்டியில் மூன்றே பேர். தலைவர் மருந்துக்கடைக்காரர். பயிற்சியாளர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். மூன்றாவது நம் செயலாளர். மருந்துக்கடையின் பின்கட்டில், இருமல் மருந்துப் பெட்டிகளின் மேல் உட்கார்ந்துதான் கூட்டம் நடக்கும். தலைவரும் பயிற்சியாளரும் எதிலும் ஒத்துப்போனது கிடையாது. ஒருமுறை செயலாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கிழிந்த வலையை மாற்றலாமா என்று மற்ற இருவரும் ஓட்டுப் போட்டார்கள், ஆளுக்கொரு பக்கம். இழுபறியானால் இருப்பது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது கழக விதி. அந்த சீசன் முழுக்க அடித்த பந்தெல்லாம் வலையின் பின்பக்கமாக வெளியேறி, கோலா இல்லையா என்ற சண்டையிலேயே கழிந்தது.

சீசனின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் பயிற்சியாளர் பேச்சை எடுத்தார். "ஞாயித்துக்கிழமை டிரா பண்ணினா போதும், இந்தப் பிரிவுலயே நிப்போம். தோத்தா கீழ இறங்கணும். கிளட்ச் எப்போ பிடிக்கும்னு தெரியாத வண்டிய வெச்சுக்கிட்டு மலை ஏற முடியாது. பௌர்ணமிய இப்பவே விட்டுடணும்."

"நான் மைதானத்துக்கு வர்றதே அவனோட அந்த ஒரு நாளுக்காகத்தான்யா," என்றார் தலைவர். "மத்தவனெல்லாம் ஒழுங்கா ஆடறான். ஒழுங்கா ஆடறதை யார் உக்காந்து பாக்கறது? எனக்குத் தூக்கம் வருது."

"தூக்கத்துக்கு உங்க கடையிலயே மாத்திரை இருக்கு. எனக்கு வேண்டியது கோல்."

"அவன் போடற கோல் கோல் இல்லையா?"

"போடாதது எத்தனைன்னு கேளுங்க!"

இரண்டு பேரும் செயலாளரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த மூவரில் பௌர்ணமியின் ஆட்டத்தை உள்ளூர அதிகம் ரசித்தவர் செயலாளர்தான். அவன் பிரகாசித்த நாள்களில் கடைக்கு வந்தவர்களுக்குத் தப்பான கண்ணாடியைக் கொடுத்து அனுப்பும் அளவுக்கு அவருக்குப் புத்தி மிதக்கும். ஆனால் 'பொண்டாட்டி தம்பி என்பதால்தான் வைத்திருக்கிறார்' என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அது அவர் காதில் விழுந்து, அங்கேயே குடியிருந்தது. கை தூக்கி "வெச்சுக்கலாம்" என்று சொன்னால் பேசுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். அவர் மென்று முழுங்கினார்.

"விட்டுடலாம்," என்றார்.

தலைவர் இருமல் மருந்துப் பெட்டியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். பயிற்சியாளர் செயலாளரின் முதுகில் தட்டி, "ஆம்பளைன்னா நீங்கதான் சார். சரி, தட்டு வெச்சுடுங்க," என்றார்.

அப்போதுதான் செயலாளருக்கு உறைத்தது. பௌர்ணமிக்கு எப்படித் தட்டு வைப்பது? அவன்தான் ஒவ்வொரு ஞாயிறும் அக்கா வீட்டில் சாப்பிடுகிறானே. அவனுக்கென்று தனித் தட்டே இருக்கிறது. விளிம்பில் நசுங்கியது, சின்ன வயதில் அதையும் உதைத்திருக்கிறான்.

வேறு வழி தெரியாமல், கிழமையை மாற்றினார். செவ்வாய்க்கிழமை போன் போட்டு, "நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வாடா மாப்ளே," என்றார். வாரநடுவில் கூப்பிட்டால் புரிந்துகொள்வான் என்பது அவர் கணக்கு.

"புதன்கிழமையா? என்ன மாமா விசேஷம்?"

"சும்மாத்தான்."

மனைவியிடமும் அதே பல்லவி. "சும்மாத்தான். உன் தம்பி வந்து நாளாச்சு." அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கோழி வாங்கப் போனாள்.

புதன்கிழமை பயிற்சி முடிந்து பௌர்ணமி வந்தான். தனியாக வரவில்லை. அவன் பைக் மக்கர் பண்ணியதால், கழகத்தின் கோல்காவலர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இவர் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். கைக்கு வந்த பந்தை விடமாட்டார் என்பதால் பூட்டு என்று பெயர். போன வாரம் மட்டும் பூட்டு தானாகத் திறந்துகொண்டு ஒரு சுலபமான பந்தை உள்ளே விட்டிருந்தது. அந்த வருத்தத்திலேயே மனிதர், பயிற்சிச் சட்டைக்கு மேலே மாட்டிய ஜாக்கெட்டோடு, வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

செயலாளரின் மனைவி எட்டிப் பார்த்தாள். வீடு தேடி வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"எங்க போறீங்க? உள்ள வாங்க. உங்களுக்கும் தட்டு வெச்சாச்சு," என்றாள்.

பூட்டின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டிய செயலாளர் அந்த நேரம் சமையலறையில் ஒளிந்திருந்தார். தண்ணீர் எடுக்கப் போனவர்தான். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு, வராத தைரியம் குழாய் வழியாக வருமா என்று பார்ப்பதுபோல நின்றார். சாப்பாட்டு மேசையிலிருந்து பௌர்ணமி இன்னும் கோழி கேட்கும் சத்தம் வந்தது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தமும் வந்தது. மைத்துனன்தான் அழுகிறான் என்று நினைத்து இவருக்கும் கண் நிறைந்தது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். "வரேன் அக்கா", "வரேங்க" என்று இரண்டு குரல்கள். வண்டி கிளம்பும் சத்தம்.

வெளியே வந்து பார்த்தால், மூலை நாற்காலியில் நீலநிறப் பயிற்சிச் சட்டை ஒன்று அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவர் அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். என்ன பெருந்தன்மை! ஒரு வார்த்தை கேட்டானா? மனைவி வாசலிலிருந்து திரும்புவதற்குள் சட்டையைத் தன் கைப்பைக்குள் திணித்துவிட்டு, பயிற்சியாளருக்குப் போன் செய்தார். "முடிஞ்சுது. பூ மாதிரி முடிஞ்சுது," என்றார். மனைவிக்கு மட்டும் இன்னும் எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பக்கம் திரும்பாமல் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு விசில் அடித்துக்கொண்டு, பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டபடி முதலில் வந்து சேர்ந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பௌர்ணமி.

"என்ன சார் இது?" என்று பயிற்சியாளர் செயலாளரின் காதைக் கடித்தார். "பூ மாதிரி முடிஞ்சுதுன்னீங்க. பூ இங்க வந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டு இருக்கு."

செயலாளருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதைவிடப் பெரிய இடி அடுத்தது. பூட்டு வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மாற்றுக் கோல்காவலர் இருந்தார். ஆனால் அவர் விரலைப் பயிற்சியாளரின் காரே கதவில் நசுக்கிவிட்டிருந்ததால், கை முழுக்கக் கட்டோடு பார்வையாளராக வந்திருந்தார்.

"நான் நிக்கறேன்," என்றான் பௌர்ணமி. "மூடற லிஃப்ட் கதவுக்கு நடுவுல கைய விடறதுதானே என் பொழப்பே."

மறுப்பதற்கு யாரிடமும் வேறு கை இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பூட்டின் பெயரை மாற்று ஆட்டக்காரர் இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, பயிற்சியாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

கோலுக்குள்ளும் அவன் பௌர்ணமியாகவேதான் இருந்தான். மேல்மூலையைப் பார்த்து வந்த பந்தை எங்கிருந்தோ பறந்துவந்து விரல்நுனியால் தட்டிவிட்டான். எதிரணி ரசிகர்கள்கூடக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள், குழந்தை உருட்டியதுபோல வந்த ஒரு பந்தைக் கால்களுக்கு நடுவே உள்ளே விட்டான். விட்டுவிட்டு, அது யார் விட்டது என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

இடைவேளையில், ஆட்டம் பார்க்க வந்திருந்த மனைவி தண்ணீர் பாட்டிலுக்காகக் கணவரின் பையைத் திறந்தாள். நீலச் சட்டை வெளியே வந்தது.

"இது பூட்டோட சட்டையாச்சே. தோள்ல மாவு பாருங்க. ரொட்டி வாசனைகூட வருது. உங்க பைக்குள்ள எப்படி?"

ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவர் அப்போதுதான் அந்த மாவைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. மனைவிக்கு வாக்குமூலம் தேவைப்படவில்லை.

"புதன்கிழமை காலையில நீங்க சொன்னது, 'சும்மாத்தான், உன் தம்பி வந்து நாளாச்சு.' அவன் அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் வந்துட்டுப் போனான். அப்பவே குறிச்சுக்கிட்டேன். யாருக்குங்க தட்டு வெச்சீங்க?"

"உன்... தம்பிக்கு."

"என் கையாலயே."

அவர் தலை குனிந்தார். அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை, சட்டையை எடுத்து உதறி, ஒழுங்காக மடித்து அவர் மடியில் வைத்தாள்.

"முதல்ல போய் அந்த மனுஷனைக் கூட்டிட்டு வாங்க. உங்களை அப்புறம் வெச்சுக்கறேன்."

ரொட்டிக்கடை மைதானத்துக்குப் பின்தெருவில். செயலாளர் வயதையும் வயிற்றையும் மறந்து ஓடினார். பூட்டு உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தார். பிசைவது என்று மரியாதைக்குச் சொல்லலாம், மாவு அடிவாங்கிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு பந்துண்ணே," என்றார் பூட்டு, நிமிராமல். "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு பந்து. அதுக்குத் தட்டு வெச்சுட்டீங்களே. அதுவும் நீங்க வெளியிலகூட வரல. மூஞ்சியைக்கூடக் காட்டல."

"ஐயோ, உனக்கு இல்லப்பா! உன்னை எவன் விடுவான்? அது வெறும் சாப்பாடுதான்!"

"அக்கா, தட்டு வெச்சாச்சுன்னாங்களே."

"பசிக்குமேன்னு வெச்சது!"

பூட்டு மாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு கையில் ஒட்டியிருந்த மாவோடு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வெள்ளை வெளேரென்று மைதானத்துக்குள் ஓடிவந்ததைப் பார்த்து, ஏதோ தீவிபத்தில் தீயணைப்புப் பொடி அடித்துவிட்டார்கள் என்று ஒரு ரசிகர் வாசலை நோக்கி நகர்ந்தார்.

முன்வரிசையில் ஒருவரை வெளியே கூப்பிட்டார்கள், பூட்டு கோலுக்குப் போனார். பௌர்ணமி முன்வரிசைக்குப் போனான். போனவன் நெடுநேரம் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு முறை தடுக்கி விழுந்தான். ஒருமுறை தடுக்க அங்கே எதுவுமே இல்லை. பயிற்சியாளர் வாயில் இல்லாத வார்த்தையெல்லாம் வந்தது. அப்புறம், மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பந்து அவனிடம் வந்தது. அங்கிருந்து யாரும் கோலுக்கு அடிக்க மாட்டார்கள். அவன் அடித்தான். பந்து எல்லார் தலைக்கும் மேலே, அவசரமே இல்லாமல் போய், முன்னால் வந்து நின்றிருந்த எதிரணிக் கோல்காவலரையும் தாண்டி வலைக்குள் இறங்கியது. செயலாளருக்குச் சத்தம் போடத் தோன்றவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் அவனுக்கு இன்னொரு வாய்ப்பும் வந்தது. கோல்காவலர் விழுந்துகிடந்தார்; வலை வாய் பிளந்திருந்தது; ஊதினால்கூடப் பந்து உள்ளே போயிருக்கும். பௌர்ணமி நிதானமாக அதைப் பக்கத்துத் தெரு மொட்டைமாடிக்கு அனுப்பிவைத்தான்.

டிரா. கழகம் அதே பிரிவில் தப்பித்தது. ரசிகர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டே திட்டினார்கள்.

அன்று மாலை வழக்கம்போல நசுங்கிய தட்டின் முன்னால் பௌர்ணமி உட்கார்ந்திருந்தான். அக்கா பரிமாறினாள்.

"மாமா," என்றான் அவன், வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு. "புதன்கிழமை தட்டு எனக்குத்தானே?"

செயலாளருக்குப் புரையேறியது. "உனக்கு... தெரியுமா?"

"செவ்வாய்க்கிழமை போன்லயே தெரியும். பூட்டண்ணன் அழுததைப் பாத்து, எனக்காகத்தான் அழறார், நம்ம மேல இவ்வளவு பாசமான்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

"அப்புறம் ஏன்டா சட்டையைக் கழட்டல?"

"நீங்க சொல்லலியே." பௌர்ணமி சிரித்தான், சிரிப்பு முழுசாக வரவில்லை. "யாரோ ஒருத்தர்னா சட்டையை வெச்சுட்டுப் போயிருப்பேன். நீங்க எனக்கு மாமா. வேணாம்னா வாயைத் திறந்து சொல்லுங்க, போயிடறேன். சமையல்கட்டுல போய் நின்னுக்கிட்டா எப்படி? அதான் மூணு தடவை கோழி கேட்டேன். வந்து போடுவீங்கன்னு."

இதைவிட நாலு அறை விட்டிருக்கலாம். செயலாளர் தண்ணீரைக் குடித்தார். முதல்முறையாக, எந்தத் தட்டின் துணையும் இல்லாமல் வாயைத் திறந்தார்.

"நீ என் மச்சானா இல்லாம இருந்திருந்தா நான் உன்னைத்தான்டா வெச்சுக்கிட்டிருப்பேன். நாலு பேர் பேசறதுக்குப் பயந்து உன்னை விட்டேன். உன் ஆட்டத்தை எனக்குப் பிடிக்கும். நீ அந்த மொட்டைமாடிக்கு அடிச்சாலும் பிடிக்கும்."

பௌர்ணமி சோற்றை விரலால் அளைந்தான். காது சிவந்துவிட்டது.

"அதுக்காக அக்காவை விட்டுடாதீங்க மாமா," என்றான். "எனக்கு ஞாயித்துக்கிழமை சாப்பாடு போயிடும்."

செயலாளர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் மூலை நாற்காலியில், கழற்றிவிடப்பட்டவர்கள் எல்லாரும் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் இங்க ஒரு தட்டு வை," என்றார் மனைவியிடம்.

அவள் அவரைப் பார்த்தாள். தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் பொறுமையாகச் சாப்பிட்டார், கை கழுவினார், சட்டைப்பையிலிருந்து கழக அறையின் சாவியை எடுத்து நாற்காலியில் வைத்தார்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"இனிமே கமிட்டியில ரெண்டே பேர். உன்னை வெச்சுக்கணும்னு ஒருத்தர், கூடாதுன்னு ஒருத்தர். நீ சட்டையைக் கழட்டாததால இன்னும் கழகத்து ஆள்தான். மறு ஓட்டு எடுத்தா இழுபறிதான்."

பௌர்ணமிக்கு விளங்க ஒரு நொடி ஆனது. "இருப்பது இருந்தபடி," என்றான் மெதுவாக.

"நான் இனி ரசிகன். வேலிக்கு வெளிய நின்னு உன்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுவேன். எவனும் என்னைக் கேக்க முடியாது."

முறைப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்று அவருக்கு. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். தெருமுனை வரைக்கும் போன பிறகுதான், போய்ச் சேர வேறு வீடு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு விளக்குக்கம்பத்தின் அடியில் கொஞ்ச நேரம் நின்றார். பக்கத்து வீட்டு நாய் அவரை ஏற இறங்கப் பார்த்தது. திரும்பி நடந்தார்.

மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். புதன்கிழமைக் கோபம் அவள் முகத்திலிருந்து இன்னும் முழுசாக இறங்கியிருக்கவில்லை. இருந்தாலும் கதவைத் திறந்தே பிடித்திருந்தாள்.

"என் கையால தட்டு வாங்கிட்டுப் போய்த் திரும்பி வந்த முதல் ஆள் நீங்கதான்," என்றாள். "உள்ள வாங்க. கோழி மீதி இருக்கு."